திங்கக்கிழமை கப்பல் போகட்டும்

ஹலோ... ஹலோ... கேக்குதுங்களா?... ஆமா, ஆமா, நான்தான். உங்க வீட்ல போன எடுக்க வேற யாரு இருக்கா?... கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. வாயில என்ன, கெழங்கா வச்சிருக்கீங்க?... ரொட்டியா? சரி, தின்னுக்கிட்டே பேசுங்க. இங்க மணி மூணு. மூணரைக்கு ரக்பி மேட்ச்சு. உங்களுக்கு எவ்வளவு நேரம் விட்டிருக்கான்?... அரை மணியா?... அங்க பன்னண்டரைக்கு மறுபடியும் ஏணியில ஏறணுமா? சனிக்கிழமைகூட விட மாட்டானா அந்தப் பழத்தோட்டக்காரன்?... சரி, சரி... கை எப்படி இருக்கு?... மருந்து போட்டீங்களா?... போடுங்க. அந்தக் குளுருல வெடிப்பு தானா ஆறாது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன். பதில் சொல்லிட்டு நீங்க ரொட்டியத் தின்னுங்க. புது டிவிய எடுக்கட்டா, வேண்டாமா?... இல்ல, சுத்தி வளைக்காதீங்க... இல்லங்க... நான் பேசி முடிச்சிக்கிறேன்... திங்கக்கிழமை. திங்கக்கிழமை! ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க. திங்கக்கிழமை கப்பல் போகட்டும், உங்க அக்கா வவாத் தீவுக்குக் கெளம்பட்டும், அப்புறம் டிவிய எடுத்து மாட்டுன்னு. மாட்டிட்டு நான் யாரைப் பாக்குறது? வானிலை அறிக்கையவா? மேட்ச்சு இன்னிக்கிங்க! நம்ம புள்ள பௌலியாசி மொத மொத பெரிய டீமுல எறங்குறான். ஆக்லாந்துல எறங்குறான், டிவியில காட்டுறான். அது திங்கக்கிழமை வரைக்கும் எனக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?

...

பழைய டிவியிலயா? பழைய டிவியில பாத்துக்கன்னா சொல்றீங்க? நீங்க அந்த டிவியக் கண்ணால பாத்து ஏழு மாசம் ஆவுது. போகும்போது ஓரத்துல கொஞ்சம் பச்சை இருந்துச்சு, அவ்வளவுதானேன்னு நெனச்சிக்கிட்டு இருக்கீங்க. இப்ப முக்கால்வாசி பச்சை. மேல ஒரு சாண் அகலத்துக்குப் படமே மடிஞ்சு போயிருது. செய்தி வாசிக்கிற பொம்பளைக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணுமே இல்ல. கழுத்து மட்டும் பேசுது... சிரிக்காதீங்க. எனக்கு எரியுது, நீங்க சிரிக்கிறீங்க... தட்டினேங்க. தட்டாம இருப்பேனா? உங்க பொண்ணு லோசேயும் தட்டினா, பக்கத்து வீட்டுக்காரரும் வந்து தட்டினாரு. தட்டத் தட்ட பச்சை கூடத்தான் செய்யுது. வெள்ளைச் சட்டைக்காரனும் பச்சை, நீலச் சட்டைக்காரனும் பச்சை, புல்லும் பச்சை. முப்பது பேரும் பல்லி மாதிரி ஓடுவானுங்க. அதுல எம் புள்ளையத் தேடிக்கிட்டு நான் உக்காந்திருக்கணுமா?

...

ஆமா... ஆமா... இது ஒண்ணும் இன்னிக்கு நேத்துக் கதை இல்ல. எப்ப மாத்துறது, எப்ப மாத்துறதுன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப் போச்சு. மொதல்ல உலகக் கோப்பை வரட்டும்னீங்க. வந்துச்சு, போச்சு. அப்புறம் எரிமலை வெடிச்சு வானத்துல இருந்து சாம்பல் கொட்டுச்சு, கூரையையும் தண்ணித் தொட்டியையும் கழுவுறதுலயே ஒரு வருஷம் ஓடிப்போச்சு. சரின்னு கேட்டா, புயல் மாசம் முடியட்டும்னீங்க. அது முடிஞ்சா, சர்ச்சுக்கு வருஷக் காணிக்கை குடுக்கணும், அந்தக் கொடை முடியட்டும்னீங்க. கொடை முடிஞ்சதும், கெறிஸ்மஸ் கழிச்சு வெல கொறையும், அவசரப்படாதன்னீங்க. வெல கொறைஞ்சுது, நீங்க அன்னிக்குப் பாத்து படகு எஞ்சினைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருந்தீங்க... சொல்லிக் காட்டலங்க, நடந்ததச் சொல்றேன்... சரி, வாங்குனீங்க. கடைசியில வாங்கிட்டீங்க. நான் இல்லைன்னே சொல்லல. ஆஸ்திரேலியாவுல, அந்த ஷெப்பர்டன்ல இருந்து கன்டெய்னர்ல ஏத்தி அனுப்பி, அது வந்து எறங்கி ஒரு வாரம் ஆவுது. ஊரே டிவி பாக்குது. நான் மட்டும் டிவிய வச்சிக்கிட்டு டிவி பாக்காம இருக்கேன்.

...

தெரியும். தெரியுங்க. அதையே திருப்பித் திருப்பிச் சொல்லாதீங்க. அப்பாகூடப் பொறந்த அத்தைக்கு இந்த வீட்ல எது மேலயும் உரிமை இருக்கு. நான் என்ன நேத்துக் கப்பல்ல வந்து டோங்காவுல எறங்கினவளா? எனக்குத் தெரியாதா? நம்ம புள்ளைங்களுக்கு அவங்கதான் எல்லாருக்கும் மேல. நான் அதைக் கொறை சொல்லல. உங்க அக்கா இதுவரைக்கும் ஒண்ணைக்கூடக் 'குடு'ன்னு கேட்டதே இல்ல. 'நல்லாருக்கே'ம்பாங்க. அவ்வளவுதான். அவங்க சொல்லி வாய மூடல, நீங்க கயிறு தேட ஆரம்பிச்சிருவீங்க, கட்டி ஏத்துறதுக்கு.

தையல் மெஷின் எப்படிப் போச்சு? 'நல்லாருக்கே'. அந்த வெள்ளைப் பன்னி, குட்டியில இருந்து நான் தேங்கா போட்டு வளத்தது, அது எப்படிப் போச்சு? வேலிகிட்ட நின்னு ஒரே ஒரு தடவை பாத்தாங்க. அது சாயங்காலமே துறைமுகத்துல நிக்குது... இல்லங்க, நான் சண்டைக்கு இழுக்கல... என்ன? எந்த அடுப்பு?... அந்த கேஸ் அடுப்பா? அது எந் தம்பி ஆசையாக் குடுத்தது! நானா கேட்டேன்? 'இதுல சமைச்சா நல்லாருக்குமே'ன்னு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்... அது வேற, இது வேற. அவன் பொண்டாட்டி என்ன சொன்னா?... உங்ககிட்டயா சொன்னா? எப்ப?... சரி, அத விடுங்க. அவளை நான் அப்புறம் பாத்துக்கிறேன். மேட்ச்சுக்கு இருபத்தஞ்சு நிமிஷம்தான் இருக்கு.

...

இப்ப அவங்க இல்ல. சர்ச்சுல பாட்டு பழகுறாங்க. நாளைக்கு எல்லாத் தீவுப் பொம்பளைங்களும் சேந்து பாடுறாங்கல்ல, அதுக்குத்தானே வந்தாங்க. காலையில எறங்கிப் போனவங்க. அதனாலதான் சொல்றேன், இப்ப எடுத்தாத்தான் உண்டு. அவங்க இருக்கும்போது எப்படி எடுக்கிறது? கட்டில்ல இருந்து எந்திரிங்க மதினி, அடியில இருந்து ஒரு சாமான் எடுக்கணும்னா சொல்ல முடியும்?

...

எந்தக் கட்டிலா? நம்ம கட்டில்தான். வேற எந்தக் கட்டில் இருக்கு இந்த வீட்ல?... ஆமா. ஆமாங்க. அதே கட்டில்தான்... ஹலோ?... ஏன் கத்துறீங்க? நீங்கதானே வைக்கச் சொன்னீங்க! நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க. 'அட்டைப்பெட்டியோட வச்சா ஊருக்கே தெரியும், பிரிச்சு எடு, மரப்பட்டைத் துணியில சுத்து, மெத்தைக்கு அடியில நல்ல பாயெல்லாம் வச்சிருக்கமே, அதுக்கு நடுவுல சொருகிடு. தட்டை டிவிதானே, பாய் மாதிரி கெடக்கும்'னு சொன்னது யாரு? நானா?... பாயோட பாயாக் கெடக்கும்னீங்க. நானும் லோசேயும் மூச்சு வாங்க மூச்சு வாங்க மெத்தையத் தூக்கிப் பாயை எடுத்து, டிவியப் படுக்கப் போட்டு, மேல ஆறு பாயைப் போட்டு மூடினோம்... ஆமா, அப்ப நீங்க சொல்லல அவங்க அங்க படுப்பாங்கன்னு. நானும் யோசிக்கல. ரெண்டு பேருக்கும் புத்தி எங்க போச்சோ! உங்க அக்கா வந்தா எங்க படுப்பாங்க? ஆட்டுக் கொட்டாயிலயா? வவாவுல இருந்து வந்த மூத்த நாத்தனாரைத் தரையில படுக்க வச்சிட்டு நான் கட்டில்ல படுத்தா, ஊர் காறித் துப்பும். வந்த அன்னிக்கே நேரா உள்ள போயி, பையை வச்சிட்டு, அப்படியே சாஞ்சிட்டாங்க. நான் என்ன பண்றது? வாசல்ல நின்னுக்கிட்டு ஆண்டவரே ஆண்டவரேன்னு இருந்தேன்.

...

அஞ்சு நாளா... ஆமா, அஞ்சு நாளும்... மத்தியானமும் கொஞ்ச நேரம் படுப்பாங்க... அவங்க ஒடம்பு எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா? நான் என் வாயால சொல்ல மாட்டேன், உங்க அக்கா. நீங்களே நெனச்சிப் பாத்துக்கங்க... அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? மூணாம் நாள் காலையில வெளிய வந்து, 'மெலியாமே, உன் கட்டில் நல்ல கெட்டியா இருக்கு, என் முதுகு வலி எங்க போச்சுன்னே தெரியல'ங்கிறாங்க. நான் சிரிக்கிறதா அழுவுறதா?... ஒடைஞ்சிருக்காதுங்க. ஆறு பாய் இருக்கு மேல. அதுக்கு மேல மெத்தை... எனக்கு எப்படித் தெரியும்? எடுத்துப் பாத்தாத்தானே தெரியும். அதத்தானே நானும் அரை மணியாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்!

...

ஏன் அஞ்சு நாளாச் சொல்லலயா? சொன்னா நீங்க அங்க ஏணியில நின்னுக்கிட்டு இதையே நெனச்சிக்கிட்டு இருப்பீங்க. கத்திரிக்கோல் கொப்பை வெட்டாது, வெரலை வெட்டும். அதனாலதான் சொல்லல... ஆமா, இப்ப சொல்லிட்டேன். எறங்கித்தானே நிக்கிறீங்க.

...

இல்ல. திங்கக்கிழமை கெடையாது... வேண்டாங்க, எனக்குக் கோவம் வரும்... வந்திருச்சு. கோவம் வந்திருச்சு. இப்ப நீங்க பேசாதீங்க, நான் பேசுறேன்.

அவனைக் கப்பலேத்தி... சரி, ப்ளேன்ல ஏத்தி விட்டு ரெண்டு வருஷம் ஆவுது. போகும்போது பதினஞ்சு. என் தோள் ஒயரம்கூட இல்ல. ஆக்லாந்துப் பள்ளிக்கூடத்துக்காரன் வந்து, புள்ள நல்லா ஓடுறான், நாங்க படிக்க வைக்கிறோம், சோறு போடுறோம்னான். நீங்களும் சரின்னீங்க, நானும் சரின்னேன். நான் ஒரு வார்த்தை தடுக்கல. அன்னிக்குப் போனவன்தான். போன் போட்டா 'ம்'ங்கிறான், 'ஆமாம்மா'ங்கிறான், 'வச்சிடட்டுமா'ங்கிறான். போன மாசம் போன் வந்துச்சு, ஒரு ஆம்பளைக் கொரல். 'யாருங்க பேசுறது?'ன்னு கேட்டேன். உங்ககிட்ட இதை நான் சொல்லல... அவன்தான். பௌலிதான். பெத்தவ நான், எம் புள்ளையப் பாத்து 'யாருங்க நீங்க'ன்னு கேட்டேங்க. அவன் சிரிச்சான். சிரிச்சிட்டு, 'நான்தாம்மா'ன்னான். நான் வச்சதுக்கு அப்புறம் கொல்லைப் பக்கம் போயி அழுதேன்.

...

இருங்க, இன்னும் முடியல. அடிபட்ட அந்தத் தோள்பட்டை. எடது தோள். சரியாப் போச்சும்மா, சரியாப் போச்சும்மாங்கிறான். நீங்களும் அப்படித்தான். வெரல் நசுங்கி வந்து நின்னாலும் ஒண்ணுமில்லம்பீங்க. உங்க புள்ள வேற எப்படி இருப்பான்? எனக்கு அவன் ஓடுறத ஒரு தடவை பாத்தாப் போதும். கையைத் தொங்கப் போட்டு ஓடுறானா, தூக்கி ஓடுறானான்னு பாத்தா எனக்குத் தெரிஞ்சிரும். வலிச்சா மூக்கைச் சுருக்குவான், அது எனக்கு மட்டும்தான் தெரியும். பச்சைப் பல்லியில நான் எந்த மூக்கைங்க பாக்குறது? எனக்கு டிவி வேண்டாம். டிவிய எடுத்துக்கிட்டு உங்க அக்கா வவாவுக்குப் போகட்டும், வவாவுல இருந்து எங்க வேணும்னாலும் கொண்டு போகட்டும். எனக்கு இன்னிக்கு மூணரையில இருந்து அஞ்சு மணி வரைக்கும் எம் புள்ள மூஞ்சி தெரியணும். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு நிமிஷம் வேண்டாம்.

...

...

ஹலோ?... இருக்கீங்களா?... என்ன சொன்னீங்க? மறுபடி சொல்லுங்க... எடுக்கிறதா?... இப்பவா?... அவங்க பாத்துட்டா?... 'நல்லாருக்கே'ன்னு சொல்லிட்டாங்கன்னா?... குடுத்துடுறதா! நீங்களா சொல்றீங்க?... ஏழு மாசம் ஒழைச்சது... நவம்பர்ல வந்து கால நீட்டி உக்காந்து பாக்கணும்னு ஆசையா வாங்கினீங்களே... ஏங்க... மூக்கை உறிஞ்சுறீங்களா?... குளுரா? ம். குளுருதான். சரி.

லோசே! ஏ லோசே! எங்கடி போன? வா, அப்பா எடுக்கச் சொல்லிட்டாரு! வாசல் கதவைச் சாத்திட்டு வா. அத்தை வந்தா தெரியணும், சும்மா ஒருக்களிச்சு வை... நீ தலைமாட்டுப் பக்கம் புடி. தூக்கு... போனைத் தோள்ல இடுக்கிட்டுத்தாங்க பேசுறேன், சொல்லுங்க, கேக்குது... மெல்ல, மெல்ல... மெத்தைய சொவத்துல சாத்து. ம்... இது எங்கம்மா பின்னின பாய். இத மடிக்காம வை... அடுத்தது... இது உங்க சித்தப்பா சாவுக்கு வந்தது... வந்துக்கிட்டே இருக்குங்க, பறக்காதீங்க. ஆறு பாயில மூணு எடுத்தாச்சு. எவ்வளவு நேரம் இருக்கு உங்களுக்கு?... எட்டு நிமிஷமா? போதும் போதும்... நாலு... அஞ்சு... லோசே, அந்தப் பக்கம் ஓரமாப் புடிச்சு இழு... ஆங், துணி தெரியுது. துணி அப்படியே இருக்கு, கசங்கக்கூட இல்ல. நான் சொன்னேன்ல? ஆறு பாய் போட்டிருக்கேன்னு சொன்னேன்ல! பிரிக்கிறேன். இருங்க...

...

...

இருக்கேன்... இருக்கேங்க. லைன்லதான் இருக்கேன்... ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம். போனை வாசப் பக்கம் மேசையில வச்சிட்டு வர்றேன், ரெண்டு கையும் வேணும். வச்சிடாதீங்க.

லோசே. கத்தாத. வாயப் பொத்து... கைய எடுடி, கண்ணாடி குத்தும்... தெரியுது, எனக்கும் கண்ணு இருக்கு. இந்த மூலையில இருந்து அந்த மூலை வரைக்கும் விரிசல்... போட்டுப் பாக்கிறதா? சரி, போடு. வயரைக் குத்து... ம்... ம்... ஒரே கோடு. வேற ஒண்ணும் இல்ல. இன்னொரு தடவை போடு... போதும். அணைச்சிடு. அணைச்சிடுடி... அழாத. அப்பாவுக்குக் கேக்கும்... ஏழு மாசம். அந்தக் குளுருல ஏணி மேல ஏழு மாசம் நின்னாரு. கையெல்லாம் வெடிச்சுப் போயி... சொல்லக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாத. இப்ப சொன்னா இன்னும் மூணு மாசம் அங்க எப்படி வேலை செய்வாரு? அத்தைகிட்டயும் மூச்சு விடாத. தெரிஞ்சா அந்த மனுஷி இனிமே இந்த வீட்ல எந்தக் கட்டில்லயும் படுக்க மாட்டாங்க... பாத்துக்கலாம். நவம்பர்ல வரட்டும், அப்ப பாத்துக்கலாம். துணியச் சுத்து. பாயைப் போடு. மெத்தையப் போடு. கண்ணைத் தொடைச்சிட்டு, போயி அந்தப் பழசைப் போடு.

ஹலோ... ஆங், வந்துட்டேன்... என்னது?... லோசே கத்தினாளா? கட்டில் கால்ல இடிச்சிக்கிட்டா. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல... நல்லாருக்குங்க. சுத்தமா நல்லாருக்கு... ஒரு கீறல் இல்ல. ஆமா... ஆமா, பாயி காப்பாத்திருச்சு. நீங்க சொன்னது சரிதான், பாய் மாதிரியே கெடந்துச்சு... பெருசுதான். எவ்வளவு பெருசு! நான் இவ்வளவு பெருசா இருக்கும்னே நெனைக்கல... மாட்டுறா, லோசே மாட்டிக்கிட்டு இருக்கா. சொவத்துல இல்ல, சும்மா மேசை மேல சாச்சு வைக்கிறோம். நீங்க வந்து சொவத்துல அடிங்க... வந்து அடிங்க.

ஐயோ, வர்றாங்க. உங்க அக்கா வர்றாங்க... இருங்க... வாங்க மதினி! பாட்டு முடிஞ்சிருச்சா?... பாதியில விட்டுட்டு வந்துட்டீங்களா? எதுக்கு?... ஓ... ஆமா, ஆமா, இப்பதான் ஆரம்பிக்கப் போவுது. ஓடியா வந்தீங்க? வேர்த்துக் கொட்டுது. லோசே, அத்தைக்குத் தண்ணி குடு, நாற்காலிய டிவி பக்கத்துல போடு... கட்டிலா? அது... பாயெல்லாம் காத்தாட எடுத்தோம், திருப்பிப் போட்டுட்டோம். கெட்டியாத்தான் இருக்கு, அப்படியேதான் இருக்கு... உங்க தம்பிதான் மதினி, லைன்ல இருக்காரு. உங்களைக் கேட்டாருன்னு சொல்லச் சொன்னாரு... சொல்றேன், சொல்றேன். நீங்க உக்காருங்க, மருமகனைப் பாருங்க.

கொஞ்சம் இருங்க, நான் வெளிய வந்துர்றேன்... ம், சொல்லுங்க. மெதுவாத்தான் பேசுவேன்... ஆமா, வந்துட்டாங்க. பாட்டுப் பயிற்சியைப் பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. நாளைக்கு முன்வரிசையில நிக்கப் போறவங்க, போதகர்கிட்ட 'எம் மருமகன் வெளையாடுறான்'னு சொல்லிட்டு எறங்கி வந்துட்டாங்களாம். அந்த ஒடம்பை வச்சிக்கிட்டு, வெயில்ல... எனக்குத் தெரியாதுங்க. இன்னிக்கு மேட்ச்சுன்னு நான் அவங்ககிட்ட சொல்லக்கூட இல்ல. அவன்தான் அத்தைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கான்...

பாத்தாங்க... ஆமா, டிவியப் பாத்துட்டாங்க... 'நல்லாருக்கே'ன்னாங்க... இருங்க! பதறாதீங்க, முழுசாக் கேளுங்க. 'நல்லாருக்கே. தம்பி கஷ்டப்பட்டு வாங்கியிருக்கான், புள்ளையப் பாக்க நீங்களே வச்சிக்கங்க'ன்னுட்டாங்க... சத்தியமா... அவங்க வாயாலதான்... ஆமா, நான்தான் தப்பா நெனச்சிட்டேன்... ஆமா, நான்தான். போதுமா?... சும்மா சும்மா குளுருதுன்னு சொல்லாதீங்க. அழுதா அழுதிட்டுப் போங்க, யாரு பாக்குறா?

ஆரம்பிச்சிட்டானா? லோசே கூப்பிடுறா, இருங்க, உள்ள போறேன்... ஆமா, அந்தச் சத்தம்தான்... டீமு வெளிய வருது. வரிசையா வர்றாங்க... தெரியுது. நல்லாத் தெரியுதுங்க. கண்ணாடி மாதிரி இருக்கு படம்... இந்தா, வர்றான். வந்துட்டான்... வளந்துட்டாங்க. உங்களை விட ஒயரம்... மூஞ்சியா? மூஞ்சி அப்படியே உங்க மூஞ்சிதான். மீசைகூட லேசா... ஆமா... தோளா? ரெண்டும் நேராத்தான் இருக்கு. தொங்கல, நேராத்தான் இருக்கு... பாக்குறேன், பாத்துக்கிட்டே இருக்கேன். ஒண்ணு விடாம அப்புறம் சொல்றேன்... மணி அடிக்கிறானா? போங்க. ஏணியப் பாத்து ஏறுங்க. கையில உறையப் போட்டுக்கங்க... ம்... ம்... சரி... ஹலோ?... ஹலோ?

வச்சிட்டாரு.

லோசே, இங்க வா. இதுல எவன்டி நம்ம புள்ள?